பேட்டனின் பாலைவன முகாம்கள்: கேள்வி பதில்

இரண்டாம் உலகப் போரின்போது கலிபோர்னியா, அரிசோனா பாலைவனத்தில் அமெரிக்க ராணுவம் நடத்திய ‘பாலைவனப் பயிற்சி மையத்தை’ப் பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள்.

வரலாற்றுப் பித்தன்: இந்தப் பொட்டல்காட்டை யார் தேடிப் பிடித்தார்கள்?

அமெரிக்க டாங்கிப் படைத் தளபதி ஜெனரல் ஜார்ஜ் பேட்டன்தான். 1942 மார்ச்சில் விமானத்திலும் தரையிலும் சுற்றிப் பார்த்து முடிவு செய்தார். வட ஆப்பிரிக்காவில் ஜெர்மன் தளபதி ரோமெல் பிரிட்டிஷ் படையைத் திணறடித்துக்கொண்டிருந்த நேரம் அது. அமெரிக்கப் படைக்கோ பாலைவனப் போரில் அனுபவமே கிடையாது. இங்கே ஆள் நடமாட்டம் குறைவு, ரயில் பாதைகள் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, கொலராடோ ஆற்றுத் தண்ணீரைத் தென் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோகும் கால்வாய் பக்கத்திலேயே ஓடியது. என்னைக் கேட்டால், பேட்டனைவிட அந்தக் கால்வாய்க்குத்தான் முதல் மரியாதை செய்ய வேண்டும்.

அளவுகோல்: எவ்வளவு பெரியது?

சுமார் 18,000 சதுர மைல். ஏறக்குறைய பத்து லட்சம் பேர் இங்கே பயிற்சி பெற்றதாகப் பொதுவாகச் சொல்கிறார்கள். தலைமையகம் கேம்ப் யங். இன்று சிரியாக்கோ சம்மிட் எனப்படும் இடத்துக்கு அருகில் இருந்தது. காக்ஸ்கோம்ப், அயர்ன் மவுண்டன், ஐபிஸ், ஹைடர், பௌஸ் என்று மற்ற முகாம்கள் சிதறிக் கிடந்தன.

குளிர்ப் பிரதேசத்துக்காரி: அந்த வெயிலில் எப்படித்தான் இருந்தார்கள்?

பெரும்பாலும் கூடாரத்தில். கோடையில் நிழலிலேயே 45 டிகிரி செல்சியஸைத் தாண்டும். டாங்கிக்குள் இருப்பவன் கதியைக் கேட்கவே வேண்டாம். தண்ணீருக்குக் கணக்கு. பேட்டன் வசதி செய்து கொடுக்க விரும்பாதவர். சண்டையில் இருப்பதுபோலவே இங்கேயும் இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

சந்தேகப் பேர்வழி: ஆப்பிரிக்காவில் வென்றது இந்தப் பயிற்சியால்தானே?

அப்படிச் சொல்ல மாட்டேன். பேட்டனே 1942 கோடையில் ஆப்பிரிக்கப் படையெடுப்புக்குத் திட்டமிடக் கிளம்பிவிட்டார். 1943 பிப்ரவரியில் துனிசியாவின் காசரீன் கணவாயில் ஜெர்மானியரிடம் அடி வாங்கிய அமெரிக்க 1ஆவது கவசப் (டாங்கி) படைப்பிரிவு இங்கே வந்ததே இல்லை. அதே ஆண்டு மே மாதம் ஆப்பிரிக்கப் போரே முடிந்துவிட்டது. பாலைவனத்துக்குப் பழக்கப்பட்டவர்களில் பலர் பிறகு ஐரோப்பாவின் சேற்றிலும் பனியிலும் போய்ச் சண்டை போட்டார்கள். ஆனாலும் பயிற்சி வீண் போகவில்லை. டாங்கி, காலாட்படை, விமானம், சரக்கு லாரி எல்லாம் சேர்ந்து நாள்கணக்கில் நகர்வதைப் பழக இவ்வளவு வெற்றிடம் வேறு எங்கே கிடைக்கும்? 1943 அக்டோபரில் பெயரையே ‘கலிபோர்னியா அரிசோனா போர்ப்பயிற்சிப் பகுதி’ என்று மாற்றினார்கள். 1944இல் மூடினார்கள். சரக்கு, பழுதுபார்ப்புப் பிரிவுகள் வெளிநாட்டுப் போர்முனைகளுக்குத் தேவைப்பட்டதால், முகாம்களை நடத்த ஆளில்லாமல் போனது முக்கியக் காரணம்.

இரவுக் காவலன்: பௌஸ் முகாமில் ஏதோ ரகசியமாமே?

ஆமாம். டாங்கியின் மேல்கூண்டில் மின்பொறியால் எரியும் மிக வலுவான ஆர்க் விளக்கைப் பொருத்தி, அதைச் சிமிட்டி எதிரியின் கண்ணைக் கூசவைக்கும் ஆயுதம். வீரர்கள் வாய் திறக்கக் கூடாது என்று கட்டளை. இவ்வளவு பொத்திப் பொத்தி வைத்தும் அதை நினைத்தபடி பயன்படுத்தவே இல்லை. 1945 மார்ச்சில் ஜெர்மனியில் ரைன் நதியின் ரெமாகன் பாலத்துக்கு இரவுக் காவலாகச் சிலவற்றை நிறுத்தியதோடு சரி.

ஊர் சுற்றி: இப்போது போனால் என்ன தெரியும்?

அவசரமாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அயர்ன் மவுண்டனுக்குப் போங்கள். கூடாரங்களுக்கு இடையே நடைபாதை ஓரமாக வீரர்கள் வரிசையாகப் பதித்த கற்கள், கல்லால் கட்டிய வழிபாட்டு மேடைகள், பயிற்சிப் பகுதியின் மலையையும் பள்ளத்தையும் மண்ணில் குவித்துச் செய்த பெரிய நிலப்பட மாதிரி எல்லாம் இருக்கின்றன. மாதிரியைச் சுற்றி வேலி உண்டு; மழையும் பார்வையாளர்களின் கால்களும் அதை ஏற்கெனவே நிறையக் கரைத்துவிட்டன. தரையையும் பாருங்கள். இங்கே கூழாங்கற்கள் நெருங்கி இறுகி, மேலே கருத்துக் கிடக்கும். டாங்கிச் சங்கிலி அதைக் கிழித்த இடம் இன்னும் ஆறவில்லை. ஆனால் 1964இல் இதே பகுதியில் இன்னொரு பெரிய ஒத்திகையும் நடந்தது. எல்லாத் தடத்தையும் பேட்டன் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

சேகரிப்பாளர்: தோட்டா உறை கிடைத்தால் எடுத்து வரலாமா?

வேண்டாம் ஐயா. முகாம்களில் பெரும்பாலானவை மத்திய அரசு நிலம். பழம்பொருளை எடுப்பது சட்டப்படி குற்றம். வெடிக்காத குண்டுகளும் இன்னும் கிடக்கின்றன. உருளையாக எதையாவது பார்த்தால் தொடாமல் இடத்தைக் குறித்துக்கொண்டு அதிகாரிகளுக்குச் சொல்லுங்கள். ஆசை தீர டாங்கி பார்க்க வேண்டுமென்றால் சிரியாக்கோ சம்மிட்டில் 1988இல் திறந்த பேட்டன் அருங்காட்சியகம் இருக்கிறது, நெடுஞ்சாலையை ஒட்டியே.