பொலிமரேசு பற்றித் திருகோணமலையிலிருந்து வந்த கேள்விகள்

உயர்தர உயிரியலில் டிஎன்ஏ பகுதி வந்தால் பிள்ளைகள் முழிப்பது வழமை. இந்தமுறை டிஎன்ஏ, ஆர்என்ஏ இழைகளைக் கட்டும் நொதியமான பொலிமரேசு பற்றிப் பெற்றோரும் சேர்ந்து கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன். "இதுக்கு எத்தினை புள்ளி வரும் சேர்?" என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில் இல்லை.

உப்புவெளி மாணவி: சேர், டிஎன்ஏ பொலிமரேசும் ஆர்என்ஏ பொலிமரேசும் ஒரே வேலையைத்தானே செய்யுது? ஏன் ரெண்டு?

இரசாயனம் ஏறக்குறைய ஒன்றுதான் பிள்ளை. இழையின் ஒரு முனைக்கு 3' என்றும் மறுமுனைக்கு 5' என்றும் பெயர். இரண்டும் பழைய இழையை 3' முனையிலிருந்து வாசித்து, புதிய இழையை 5' முனையிலிருந்து 3' முனைப் பக்கமாக வளர்க்கின்றன. இரண்டுக்கும் மகனீசியம் அயன்கள் வேண்டும். வேறுபாடு நோக்கத்தில் இருக்கிறது. டிஎன்ஏ பொலிமரேசு கலம் பிரியமுன் முழு டிஎன்ஏயையும் ஒரேயொரு தடவை இரட்டிக்கிறது. ஆர்என்ஏ பொலிமரேசு தேவையான மரபணுவை மட்டும், தேவையான நேரத்தில், வேண்டிய தடவைகள் படியெடுக்கிறது. முன்னது காணி உறுதி, பின்னது அதன் போட்டோக்கொப்பி. கொப்பியில் ஓர் எழுத்து அழிந்தால் இன்னொன்று எடுக்கலாம். உறுதியிலே பிழை விழுந்தால் பேரப்பிள்ளைவரை வழக்குத்தான். எழுத்து என்று நான் சொல்வது இழையின் ஓர் அலகான நியூக்கிளியோடைட்டை. அதனால்தான் ஆர்என்ஏ பொலிமரேசு பத்தாயிரம் முதல் ஒரு இலட்சம் எழுத்துக்கு ஒரு பிழை விட்டாலும் கலம் பொறுத்துக்கொள்கிறது. டிஎன்ஏயில், எல்லாத் திருத்தமும் முடிந்தபின், நூறு கோடி எழுத்துக்கு ஒன்று என்ற அளவுக்குத்தான் பிழை தங்குகிறது.

மூதூர் மாணவன்: டிஎன்ஏ பொலிமரேசுக்கு ஏன் பிரைமர் வேணும்? ஏன் ஒரு பக்கத்தால மட்டும் கட்டுது? மற்ற இழையைத் துண்டு துண்டாக் கட்டுறது வீண் வேலை இல்லையா?

இதைப் பாடமாக்குகிறவர்கள் அதிகம், ஏன் என்று கேட்கிறவர்கள் குறைவு. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பிரைமர் என்பது புதிய இழையைத் தொடக்கிவைக்கும் சிறு துண்டு.

உள்ளே வரும் ஒவ்வொரு நியூக்கிளியோடைட்டும் மூன்று பொசுபேற்றுகளுடன் வருகிறது. இணையும்போது இரண்டு கழன்று போகும், அந்தச் சக்திதான் பிணைப்பைக் கட்டுகிறது. அதாவது புதிதாக வருகிறவர் தன் செலவைத் தானே கொண்டுவருகிறார். பிழையான எழுத்து ஒட்டிவிட்டால் பொலிமரேசு ஓர் அடி பின்வாங்கி, தன்னிடமுள்ள வெட்டும் பகுதியால் அதை நறுக்கி எறிகிறது. அடுத்து வருகிறவரிடம் சக்தி இருப்பதால் வேலை தொடர்கிறது.

இப்போது திசையை மாற்றிப் பாருங்கள். இழை 5' முனையில் வளர்ந்தால் அந்த மூன்று பொசுபேற்றுகளும் வளரும் நுனியில் இருக்கவேண்டும். பிழையான எழுத்தை வெட்டினால் சக்தியும் சேர்ந்து போய்விடும். நுனி வெறுமையாகும், இழை அங்கேயே நின்றுவிடும். ஆகவே பிழையும் திருத்தவேண்டும், வேலையும் நிற்கக்கூடாது என்றால் இந்த ஒரு திசைதான் வசதி. ஆனால் டிஎன்ஏயின் இரு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. அதற்குக் கொடுக்கும் விலைதான் மற்ற இழையின் துண்டுகள். 1968இல் ரெய்ஜி ஒகசாகி, சுனேகோ ஒகசாகி தம்பதியின் ஆய்வு அவற்றைக் காட்டியது. பற்றீரியாவில் ஒரு துண்டு 1000 முதல் 2000 எழுத்து, நமது கலங்களில் 100 முதல் 200 வரை.

பிரைமரும் இதே கதையின் தொடர்ச்சி. முன்னால் கட்டியது ஒழுங்காகச் சோடி சேர்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே டிஎன்ஏ பொலிமரேசு அடுத்ததை வைக்கும். முன்னால் ஒன்றுமே இல்லையென்றால் எதைப் பார்ப்பது? ஆகவே பிரைமேசு என்ற நொதியம் சுமார் பத்து எழுத்து ஆர்என்ஏ போட்டுக் கொடுக்கிறது. அது அவ்வளவு கவனமான நொதியம் அல்ல. ஆனால் போட்டது ஆர்என்ஏ என்பதால் பின்னர் அடையாளம் கண்டு அகற்றலாம். பற்றீரியாவில் பொலிமரேசு 1 என்ற வகை அதை எடுத்து டிஎன்ஏயால் நிரப்ப, லிகேசு இடைவெளியை ஒட்டிவிடும். வீண் வேலை என்று எனக்குப் படவில்லை தம்பி.

நிலாவெளித் தாய் ஒருவர்: மகள் சொல்றாள், ஒரு கலத்துக்குள்ள 300 கோடிக்கு மேல எழுத்தாம். என்னண்டு கொப்பி பண்ணி முடியும்?

ஒரே இடத்தில் தொடங்கினால் முடியாது அம்மா. நம் கலங்களில் வேகம் செக்கனுக்கு ஏறக்குறைய 50 எழுத்துத்தான். மிகப்பெரிய நிறமூர்த்தத்தை நடுவில் தொடங்கி இரு பக்கமும் ஓடினாலும் ஒரு மாதமளவில் இழுபடும். ஆகவே பல்லாயிரம் இடங்களில் பகுதி பகுதியாகத் தொடங்கி, சுமார் எட்டு மணித்தியாலத்தில் முடிக்கிறது.

தம்பலகாமத்திலிருந்து ஒருவர்: அப்பாவுக்குக் காசநோய் மருந்து. சிறுநீர் செம்மஞ்சளாப் போகுது. பயமா இருக்கு. மருந்துக்கும் நீங்கள் சொல்ற பொலிமரேசுக்கும் தொடர்பு எண்டு எங்கயோ வாசிச்சன்.

இருக்கிறது. அந்த நிறம் பெரும்பாலும் ரிபாம்பிசின் மருந்தின் சொந்த நிறம். வியர்வையிலும் கண்ணீரிலும்கூட வரலாம். ஆனால் கண் மஞ்சளானால், சாப்பாடு வெறுத்துச் சத்தி வந்தால் உடனே கிளினிக்கில் காட்டுங்கள். அது ஈரல் பக்கப் பிரச்சினையாக இருக்கலாம்.

ரிபாம்பிசின் போய் உட்காருவது கிருமியின் ஆர்என்ஏ பொலிமரேசில், புதிய ஆர்என்ஏ வெளியேறும் வழியில். இரண்டு மூன்று எழுத்துக் கட்டியதும் வழி அடைபட்டு வேலை நின்றுவிடும். ஆர்என்ஏ இல்லாமல் புரதம் இல்லை, கிருமி சாகும். நமது பொலிமரேசில் அந்த இடத்தின் அமைப்பு வேறு, அதனால் நமக்கு அந்த அடைப்பு இல்லை. அந்த இடத்தில் ஓர் எழுத்து மாறிய கிருமி மருந்துக்கு அடங்காது. குளிசையை இடையில் நிறுத்தினால் அப்படிப்பட்டதுதான் மிஞ்சிப் பெருகும். நிறத்தைப் பார்த்துத் தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள்.

கிண்ணியா மாணவி: பொலிமரேசைக் கண்டுபிடிச்சது ஆர் சேர்?

ஆதர் கோன்பேர்க். 1959இல் நோபல் பரிசும் கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால், அவர் பிரித்தெடுத்த பொலிமரேசு 1 பற்றீரியாவின் பிரதான இரட்டிப்பு நொதியம் அல்ல. 1969இல் அது அநேகமாக இல்லாமலே வளரும் பற்றீரியா கிடைத்தது. பிறகு அவருடைய மகன் தோமஸ், பொலிமரேசு 2, 3 இரண்டையும் கண்டறிய உதவினார். இரட்டிப்பின் பெரும்பங்கு மூன்றாவதுக்குத்தான். இன்னொரு மகன் ரொஜர், ஆர்என்ஏ பொலிமரேசு எப்படிப் படியெடுக்கிறது என்பதைக் காட்டி 2006இல் நோபல் வாங்கினார்.

சாம்பல்தீவிலிருந்து ஒருவர்: பிசிஆர் நொதியம் வெந்நீர் ஊற்றில கிடைச்சதாம். எங்கட கன்னியா வெந்நீர்க் கிணறுகளில தேடினால் கிடைக்காதா?

ஆசைக்கு அளவில்லை! பிசிஆர் என்பது டிஎன்ஏயின் ஒரு பகுதியை ஆய்வுகூடத்தில் பல மடங்காகப் பெருக்கும் முறை. அதற்கான நொதியம் அமெரிக்காவின் யெலோஸ்டோனில் தோமஸ் புரொக் கண்டெடுத்த பற்றீரியாவின் நொதியம். அந்தப் பற்றீரியாவுக்கு வாய்ப்பான வெப்பம் 70 பாகை செல்சியஸ். கன்னியாவில் ஏழு கிணற்றிலும் வாளியால் அள்ளித் தலையில் ஊற்றுகிறோம். எழுபது பாகையில் அப்படிச் செய்தால் நேரே ஆஸ்பத்திரிதான். வேறு நுண்ணுயிர்கள் இருக்கலாம், தேடுவது நல்ல செய்திட்டம். இந்த நொதியத்தை மட்டும் எதிர்பார்க்கவேண்டாம்.

பிசிஆரில் ஒவ்வொரு சுற்றிலும் 95 பாகையளவில் சூடாக்கி இழைகளைப் பிரிக்கவேண்டும். சாதாரண நொதியம் அதில் வெந்துபோகும், ஆகவே ஆரம்பத்தில் ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக ஊற்றினார்கள். யெலோஸ்டோன் நொதியம் தாங்குகிறது. ஆனால் மூதூர்த் தம்பிக்குச் சொன்ன வெட்டித் திருத்தும் பகுதி அதில் வேலை செய்யாது. கிருமி இருக்கிறதா இல்லையா என்று பார்க்க அது போதும். ஒரு மரபணுவை எழுத்துப் பிசகாமல் எடுக்கவேண்டுமென்றால் ஆய்வுகூடத்தில், இத்தாலியின் வுல்கானோத் தீவில் கிடைத்த இன்னொரு நுண்ணுயிரின் பொலிமரேசை எடுப்பார்கள். அது கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடும், ஆனால் திருத்திக்கொண்டே ஓடும்.