புல்லுல ரோபோ போட்ட இட்டேரி

கேள்வி: வீட்டு முன்னாடி 4 செண்ட்டுல கொரியன் புல்லு போட்டிருக்கோமுங்க. பையன் புல்லு வெட்டுற ரோபோ மெஷின் வாங்கிக் குடுத்தான், 1000 சதுர மீட்டர் வரைக்கும் வெட்டுமாம், அது பாட்டுக்கு நாள் பூரா ஓடிட்டிருக்குது. இப்ப சார்ஜ் ஏத்துற எடத்துல இருந்து பக்கவாட்டுச் சந்து வரைக்கும் ரெண்டு சக்கரத் தடத்துல புல்லே இல்லீங்க, மண்ணு தெரியுது. என்னங்க பண்றது?
- ஒரு வாசகி, பொள்ளாச்சி

பதில்: அம்மணி, வெட்டுறப்ப அது குறுக்கயும் நெடுக்கயும்தான் சுத்துமுங்க, ஆனா சார்ஜ் கொறஞ்சதும் மண்ணுல பொதைச்சிருக்கற ஒயரோட சிக்னலைப் புடிச்சுக்கிட்டு திரும்பி வரும், ஒவ்வொரு தடவையும் அதே ஒயர் மேல அதே சக்கரம் ஏறினா வண்டி போயிப் போயி இட்டேரி விழுந்தாப்புலதான் ஆகும். மொதல்ல ஆப்ல காரிடர் அகலம்னு ஒரு செட்டிங் இருக்குதான்னு பாருங்க, நெறைய மாடல்ல இருக்குது, அதைக் கூட்டி வெச்சா ஒயரை விட்டு தள்ளித் தள்ளி வெவ்வேற தடத்துல வரும். சந்துல மட்டும் இது எடுபடாது, எடமே இல்லையே. அங்க புல்லு மட்டத்துக்கே தட்டைக்கல் பதிச்சுருங்க, ஜல்லி மட்டும் கொட்டீராதீங்க, சக்கரம் பொதைஞ்சுக்கும்.

அப்பறம் உங்க 4 செண்ட்டுங்கறது சுமார் 160 சதுர மீட்டருங்க, அதுக்குப் போயி இந்த மெஷினை எதுக்கு நாள் பூரா ஓட்டோணும்? டைமரை கொறைங்க, ஓட்டம் கொறைஞ்சா சார்ஜுக்கு வந்து போறதும் தானா கொறையும். விடியக்கால ஸ்பிரிங்க்ளர் ஓட விட்டீங்கன்னா மெஷினை மத்தியானத்துக்கு மேல விடுங்க, உங்க ஊர்ல ஆடிச் சாரல் புடிச்சா ரெண்டு நாளைக்கு அணைச்சே போட்டாலும் ஒண்ணும் கெட்டுப் போகாது, ஈர மண்ணை சக்கரம் அமுக்குனா வேருக்குக் காத்து சரியாப் போகாது, புல்லு சாகறதுக்கு அதுவும் ஒரு காரணமுங்க.

சொட்டையான எடத்தை முள்ளுக்கரண்டில குத்தி இளக்கி, மணலும் மக்குன எருவும் தூவி, ஓரத்துல இருந்து புல்லுப் பத்தை எடுத்து நடுங்க. அருகம்புல்லுன்னா சட்டுன்னு படர்ந்துரும், கொரியன் புல்லு மெதுவாத்தான் வரும், அதுவரைக்கும் அந்தப் பக்கம் மெஷினை விடாதீங்க. குத்தறதுக்கு முன்னாடி ஒயர் எங்க போகுதுன்னு குச்சி நட்டு அடையாளம் வெச்சுக்கோங்க, அது அறுந்துச்சுன்னா மெஷின் நின்ன எடத்துலயே நின்னுக்கும்.