ஊரில் நூலகமே இல்லாதபோது வண்டியில் புத்தகம் கொண்டுபோவது பலன் தருமா?

தரும். ஆனால் வண்டி வீட்டுவாசல் வரை போகவேண்டும்.

அமெரிக்காவின் மேரிலாந்தில் வாஷிங்டன் கவுன்டி நூலகர் மேரி டிட்கோம்ப் முதலில் புத்தகப் பெட்டிகளைத்தான் அனுப்பினார். கடைகளிலும் தபால் நிலையங்களிலும் அவற்றை வைத்தார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் எடுத்துப் படித்தார்கள். தூரத்துப் பண்ணைகளில் இருந்தவர்களுக்கு அதுவும் எட்டவில்லை. அதனால் 1905-இல் குதிரை வண்டி ஒன்று செய்யவைத்தார். வெளிப்பக்கம் திறக்கும் அலமாரிகள், உள்ளே கூடுதல் புத்தகங்களுக்கு இடம். ஓட்டியவர் நூலகத்தின் பராமரிப்புப் பணியாளர் ஜோஷுவா தாமஸ். அந்த வட்டாரத்துச் சாலைகளும் மக்களும் அவருக்கு அத்துப்படி. வண்டியைவிட இப்படி ஓர் ஆள் கிடைப்பதுதான் பெரிய விஷயம் என்பேன்.

கருப்பாக நீண்டிருந்த வண்டியைப் பிணவண்டி என்று நினைத்து, ஒரு வீட்டில் "இங்கே நிறுத்தவேண்டாம்" என்று சொல்லிவிட்டார்களாம்! உடனே சக்கரங்களுக்குச் சிவப்பு அடித்தார்கள். புதிதாக வண்டி விடுபவர்கள் இதை மறக்கக்கூடாது: பார்த்ததும் புத்தகவண்டி என்று தெரியவேண்டும்.

1910-இல் ரயில் மோதி வண்டி நொறுங்கியது. 1912-இல் மோட்டார் வண்டி வந்தது.

அப்புறம், நம் ஊரிலும் நடந்திருக்கிறது. 1931-இல் மன்னார்குடி அருகே மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூலகம் தொடங்கினார். மாடு போகும் பாதையெல்லாம் புத்தகமும் போயிற்று. உங்கள் ஊருக்கு வேன் நுழையாவிட்டால் ஆட்டோ போதும். சொன்ன நாளில் தவறாமல் வரவேண்டும், அவ்வளவுதான்.