'கர்ணன்' பளிச்னு இருக்கு, தொண்ணூறுகள் சீரியல் மட்டும் ஏன் கலங்கலா இருக்கு?

கேள்வி: புதுசா 55 இன்ச் டிவி வாங்கி எச்டி பேக்கும் போட்டாச்சு. சிவாஜியோட பழைய 'கர்ணன்' மாதிரி படம் சூப்பரா தெரியுது, ஆனா தொண்ணூறுகள்ல வந்த சீரியல் போட்டா மூஞ்சி கலங்கலா, உப்புனாப்ல இருக்கு. டிவில ஃபால்ட்டா, பாக்ஸ்லயா?

பதில்: பெரும்பாலும் ரெண்டும் இல்லீங்க. எவ்ளோ பழசுங்கறது இதுல மேட்டரே கிடையாது, எதுல எடுத்தாங்க, சேனல்காரங்க கையில எந்த காப்பி இருக்குன்னுதான் பாக்கணும். 1964ல வந்த 'கர்ணன்' 35 எம்எம் ஃபிலிம்ல எடுத்தது, நல்ல ஃபிலிம்ல எச்டிக்கு மேலயே டீடெயில் இருக்கும், அதை டிஜிட்டல்ல சுத்தம் பண்ணி 2012ல தியேட்டர்லயே மறுபடி ஓட்டுனாங்க. சீரியல் அப்படி இல்ல, நிறைய சீரியல் வீடியோ டேப்ல எடுத்தது. நம்ம ஊரு பழைய டிவி ஒளிபரப்பு முறை, PALனு பேரு, அதுல படத்துக்கு 576 கோடுதான், டிஜிட்டல் கணக்குல 720க்கு 576 புள்ளி. எச்டி 1920க்கு 1080, அதாவது மொத்தப் புள்ளி அஞ்சு மடங்கு. அப்போ உங்க ஸ்கிரீன்ல தெரியுற அஞ்சு புள்ளில நாலு, சேனலோ டிவியோ குத்துமதிப்பா இட்டு நிரப்புனது. சேனல் பேர்ல எச்டின்னு இருந்தா மட்டும் டேப்ல இல்லாத கண் இமை எங்கேர்ந்து வரும்?

ஃபிலிம்ல எடுத்தது எல்லாமே பளிச்னு வரும்னும் நம்பிடாதீங்க. நெகடிவ் கெட்டுப்போயி, தியேட்டர்ல ஓடி ஓடி தேஞ்ச பிரிண்ட்ல இருந்து எடுத்ததும் வரும், எப்பவோ டேப்ல ஏத்துன காப்பியவே இன்னும் ஓட்டுறதும் உண்டு, அதான் ஒரே படம் ரெண்டு சேனல்ல ரெண்டு மாதிரி தெரியுது. சீன் ஓடிட்டு இருக்கும்போது வலது பக்கம் மேல் மூலையில ஒரு புள்ளி டக்குனு வந்து மறைஞ்சு, சில செகண்ட் கழிச்சு திரும்ப வருதா? அடுத்த ரீலுக்கு புரொஜக்டர் மாத்தச் சொல்ற அடையாளம் அது, அப்படி வந்தா தியேட்டர் பிரிண்ட்ல இருந்து எடுத்ததா இருக்கலாம். (எனக்கு அதைப் பாத்தா ஒரு சந்தோஷம், அது வேற கதை.)

உப்பலான மூஞ்சிக்கு வருவோம். அந்தக்கால சீரியலோட அகல-உயர விகிதம் 4:3, உங்க டிவி 16:9, இழுத்து ஃபுல்லா ஆக்குனா எல்லாரும் மூணுல ஒரு பங்கு குண்டாயிடுவாங்க. யார் இழுத்ததுன்னு கண்டுபிடிக்க சேனல் லோகோவைப் பாருங்க. ஆள் மட்டும் குண்டா இருந்து லோகோ சரியா இருந்தா சேனல் பண்ண வேலை, அப்போ டிவில பிக்சர் சைஸை 4:3னு மாத்துனா ஆள் சரியாயிடுவாங்க, லோகோ ஒல்லியாகும், போகட்டும். லோகோவும் சேர்ந்து அகலமா இருந்தா உங்க பாக்ஸோ டிவியோ இழுக்குது, அந்த செட்டிங்கை மாத்துங்க. சில சேனல் இழுக்காம மேலயும் கீழயும் வெட்டிடும், கிட்டத்தட்ட கால்வாசி படம் காலி, டான்ஸ்ல காலே தெரியாது. அதுக்கு நம்மகிட்ட வைத்தியம் இல்ல. என்னைக் கேட்டா ரெண்டு பக்கமும் கருப்புப் பட்டையோட போடுறதுதான் யோக்கியமான வேலை, ஆனா பட்டை வந்தா டிவி பெருசா வாங்குனதே வேஸ்ட்னு வீட்ல சண்டை வருது.

டிவில விவிட் மோடு இருந்தா சினிமா மோடுக்கு மாத்திடுங்க, ஷார்ப்னஸை நல்லா கொறைங்க. மோஷன் ஸ்மூத்திங்கை (டிவியே நடுநடுவுல புது ஃப்ரேம் சேக்குறது) ஆஃப் பண்ணுங்க, சாம்சங்ல ஆட்டோ மோஷன் பிளஸ் இல்லேன்னா பிக்சர் கிளாரிட்டி, எல்ஜில ட்ரூமோஷன், சோனில மோஷன்ஃப்ளோன்னு பேர் இருக்கும், அது ஆன்ல இருந்தா செகண்டுக்கு 24 ஃப்ரேம்ல எடுத்த சிவாஜி படம்கூட நேத்து எடுத்த சீரியல் மாதிரி வழவழன்னு ஓடும். நாய்ஸ் ரிடக்ஷன் ஃபிலிம் படத்துக்கு வேணாம், அந்தப் பொடிப்பொடியா நெளியுறது ஃபிலிமோட கிரெய்ன், அதை அழிச்சா தோல் மெழுகு மாதிரி ஆயிடும். டேப் சீரியலுக்கு மட்டும் 'லோ'ல வெச்சுக்கலாம்.

கடைசியா, பாக்ஸுக்குப் பின்னாடி எட்டிப் பாருங்க. மஞ்சள் சிவப்பு வெள்ளை ஒயர்ல கனெக்ட் பண்ணியிருந்தா நீங்க காசு கட்டுற எச்டி படம் டிவிக்கு வரவே வராது. எச்டிஎம்ஐ கேபிள் போட்டு, பாக்ஸ் மெனுல அவுட்புட்டை 1080ல வெச்சிட்டு அதே சீரியலைப் பாருங்க, டேப்ல என்ன இருக்கோ அதாவது முழுசா வரும்.