பிக்கப் வண்டிக்கு சூப்பர்சார்ஜர்: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவில் இருக்கும் வாசகர்கள், பெல்ட்டால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் சூப்பர்சார்ஜர் பற்றி அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே வண்டியைச் சுற்றியே வருகின்றன: 1999 முதல் 2006 வரை வந்த செவ்ரோலெட் சில்வராடோ 1500, அதில் எல்எம்7 என்ற 5.3 லிட்டர் வி8 எஞ்சின். இந்த முறை பெரும்பாலும் அதற்கே இடம் கொடுத்திருக்கிறோம்.

என் சில்வராடோ 2003 மாடல், 1,60,000 மைல் ஓடியது. படகு ஏற்றிய டிரெய்லரை அடிக்கடி இழுக்கிறேன். சூப்பர்சார்ஜர் போட்டால் எஞ்சின் தாங்குமா? எந்த வகை போடலாம்?
– வாசகர், ஹூஸ்டன்

நல்ல நிலையில் இருக்கும் எஞ்சின் என்றால் தாங்கும். பிளாக் வார்ப்பிரும்பு. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்றை அமுக்கும் விகிதம்) 9.5:1 தான் என்பதால் மிதமான பூஸ்டுக்கு, அதாவது சூப்பர்சார்ஜர் தரும் கூடுதல் காற்றழுத்தத்துக்கு, இடம் இருக்கிறது. கம்பெனியில் இருந்து சுமார் 285 குதிரைத் திறனோடு வந்த எஞ்சின், 6 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 6 பவுண்டு) பூஸ்டில் 380 பக்கம் வரும். படகு இழுக்க அதற்கு மேல் வேண்டாம்.

சூப்பர்சார்ஜர் கிட்டுக்கு (பாகங்களின் தொகுப்புக்கு) பணம் கட்டும் முன் எஞ்சினைச் சோதித்துவிடுங்கள். எஞ்சினைச் சூடாக்கி, எட்டு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றுங்கள். இக்னிஷன், பெட்ரோல் பம்ப் இரண்டின் ஃபியூஸையும் எடுத்துவிட்டு, த்ராட்டிலை முழுசாகத் திறந்து வைத்து ஒவ்வொரு சிலிண்டராகக் கம்ப்ரஷன் அழுத்தத்தை அளந்து பாருங்கள். எட்டிலும் உயர்ந்த அளவுக்கும் தாழ்ந்த அளவுக்கும் 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், தாழ்ந்த அளவு காட்டும் சிலிண்டரில் லீக்டவுன் சோதனை (உள்ளே காற்றை ஏற்றி, எவ்வளவு கசிகிறது என்று அளப்பது) செய்யுங்கள். கசிவு 10 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. 20ஐத் தாண்டினால் சூப்பர்சார்ஜரை மறந்துவிட்டு முதலில் எஞ்சினைப் பழுது பாருங்கள். காற்று எங்கே போகிறது என்பதைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம்: ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் ரிங், புகைக்குழாயில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட்.

அடுத்தது ஆயில் அழுத்தம். சூடான எஞ்சினில் நிமிடத்துக்கு 2000 சுற்றில் 30 பிஎஸ்ஐக்குக் கீழே காட்டினால் பூஸ்ட் ஏற்றாதீர்கள். இந்த எஞ்சின்களில் ஆயில் உறிஞ்சும் குழாயின் ஓ-ரிங் காய்ந்து வெடித்திருப்பது அடிக்கடி காணும் கோளாறு. சில டாலர் பொருள்தான், ஆனால் ஆயில் பேனை இறக்கித்தான் மாற்ற முடியும்.

வகையைப் பொறுத்தவரை, டிரெய்லர் இழுப்பவருக்கு ரூட்ஸ் வகைதான் பொருத்தம். இண்டியானா மாநிலத்தைச் சேர்ந்த ரூட்ஸ் சகோதரர்கள் 1860ல் காப்புரிமை பெற்ற காற்று ஊதியின் வழிவந்தது அது. ஒவ்வொரு சுற்றுக்கும் குறிப்பிட்ட அளவு காற்றைத் தள்ளுவதால் 2000 சுற்றிலேயே பூஸ்ட் கிடைக்கும். மையவிலக்கு வகையில் பூஸ்ட் எஞ்சின் வேகத்தோடுதான் ஏறும். படகுத்துறைச் சரிவில் படகை மேலே இழுக்கும்போது அதனால் உபயோகமில்லை.

ரூட்ஸ் வகையைச் சேர்ந்த ஈட்டன் எம்112 சூப்பர்சார்ஜர் ஒரு சுற்றுக்கு 112 கன அங்குலம், அதாவது 1.84 லிட்டர் காற்றைத் தள்ளும். உங்கள் எஞ்சின் ஒரு சுற்றுக்கு விழுங்குவது 2.65 லிட்டர். புல்லி விகிதம் 2 என்றால், அதாவது எஞ்சின் ஒருமுறை சுற்றும்போது சூப்பர்சார்ஜர் இருமுறை சுற்றினால், அது தள்ளுவது 3.68 லிட்டர். எஞ்சின் கொள்வதைவிட 1.39 மடங்கு என்பதால், ஏறத்தாழ 5 முதல் 6 பிஎஸ்ஐ வரும். சின்ன புல்லி போட்டு 9, 10 பிஎஸ்ஐக்கு ஏற்றச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். இந்த எஞ்சினின் பிஸ்டன் ரிங்குகள் சாதாரண ஓட்டத்துக்கான இடைவெளியோடு வந்தவை. அதிகச் சூட்டில் ரிங் விரிந்து முனைகள் ஒன்றோடொன்று முட்டினால், பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பே பெயர்ந்துவிடும். பழைய எஞ்சினைப் பிரிக்காமல் ஓட்டுபவருக்கு 6 போதும்.

கிட்டில் எல்லாம் வரும் என்கிறார்கள். இருந்தும் தனியாக வாங்க வேண்டியது என்ன?
– வாசகர், டல்லாஸ்

எந்தக் கிட் என்பதைப் பொறுத்தது. ஆனாலும் கீழே உள்ளவற்றை நீங்களே ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

முதலில் பெட்ரோல். பூஸ்ட் ஏற்றிய எஞ்சினுக்கு ஒரு குதிரைத் திறனுக்கு மணிக்கு 0.6 பவுண்டு பெட்ரோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 400 குதிரைத் திறனுக்கு 240 பவுண்டு. எட்டால் வகுத்தால் ஒரு இன்ஜெக்டருக்கு 30. இன்ஜெக்டரை 85 சதவீதத்துக்கு மேல் திறந்து வைக்கக் கூடாது என்பதால் 35 பவுண்டு இன்ஜெக்டராவது வேண்டும். வாங்கும்போது, அந்த அளவு எந்த அழுத்தத்தில் எடுத்தது என்று கேளுங்கள். பெரும்பாலும் 43.5 பிஎஸ்ஐயில் எடுத்ததைத்தான் எழுதுவார்கள். உங்கள் வண்டியின் ரயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாயில்) 58 பிஎஸ்ஐ இருக்கும். அங்கே அதே இன்ஜெக்டர் 15 சதவீதம் கூடுதலாக ஊற்றும். எஞ்சின் கம்ப்யூட்டரை ட்யூன் செய்பவரிடம் இதைச் சொல்லாவிட்டால் அவர் போடும் கணக்கு முழுவதும் தப்பாகும்.

அழுத்த ரெகுலேட்டர் ரயிலிலேயே இருந்தால், அதன் வேக்யூம் குழாயை சூப்பர்சார்ஜருக்குப் பிறகான மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் குழாய்த் தொகுதியில்) இணையுங்கள். பூஸ்ட் ஏறும்போது பெட்ரோல் அழுத்தமும் கூடவே ஏறும். ரிட்டர்ன் குழாய் இல்லாத வண்டியில் இது நடக்காது. 6 பிஎஸ்ஐயில் சுமார் 5 சதவீதம் பெட்ரோல் குறையும், அதையும் சேர்த்து இன்ஜெக்டர் எடுங்கள். டேங்கில் மணிக்கு 255 லிட்டர் பம்ப் போடுங்கள். போட்ட பிறகு, முழு த்ராட்டிலில் பம்பின் பிளக்கிலேயே வோல்டேஜ் அளந்து பாருங்கள். 13 வோல்ட்டுக்குக் குறைந்தால் பேட்டரியில் இருந்து ரிலே வழியாகத் தனி வயர் இழுத்துவிடுங்கள். புது பம்ப் போட்டும் பெட்ரோல் பற்றாமல் போவதற்குப் பல நேரம் காரணம் பழைய மெல்லிய வயர்தான்.

அடுத்தது மேனிஃபோல்ட் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார். கம்பெனி சென்சார் ஒரு பார் (சுமார் 100 கிலோபாஸ்கல்) வரைதான் படிக்கும். 6 பிஎஸ்ஐ பூஸ்டில் மேனிஃபோல்டில் சுமார் 142 கிலோபாஸ்கல் இருக்கும், பழைய சென்சாரோ 105 பக்கம் நின்றுவிடும். 2 பார் சென்சார் மாட்டி, கம்ப்யூட்டரிலும் அதன் அளவீட்டை மாற்ற வேண்டும்.

ஸ்பார்க் பிளக் ஒரு படி குளிர்ந்த ரகம், இடைவெளி 0.030 முதல் 0.035 அங்குலம். பழைய இடைவெளியில் விட்டால் அழுத்தம் கூடும்போது பொறி அணைந்து எஞ்சின் திணறும்.

எஞ்சினுக்குள் சேரும் ஆவியை மேனிஃபோல்டுக்கு அனுப்பும் பிசிவி வால்வையும் மறக்காதீர்கள். பூஸ்ட் அதன் வழியாகப் பின்னோக்கி எஞ்சினின் அடிப்பகுதியான க்ராங்க் கேஸுக்குள் புகுந்தால் ஆயில் சீல்கள் கசியும். ஒருவழி வால்வு ஒன்றும், ஆயில் ஆவியைப் பிடிக்கும் கேனும் போடுங்கள். அந்த ஆவி உள்ளே போய்ச் சேர்ந்தால் பெட்ரோலின் ஆக்டேன் பலன் குறையும்.

பூஸ்ட் 4000 சுற்று வரை ஏறுகிறது, அப்புறம் இறங்குகிறது. பெல்ட் மாற்றியும் அதே கதை.
– வாசகர், சார்லட்

பெல்ட் வழுக்கினால் இப்படித்தான் ஆகும். ஆனால் பெல்ட்டை மாற்றியும் தீரவில்லை என்பதால் க்ராங்க் (எஞ்சினின் முதன்மைச் சுழல்தண்டு) முனையில் உள்ள புல்லியைச் சந்தேகிக்க வேண்டும்.

முதலில் எளிதானவற்றைப் பாருங்கள். ரிப்களில் கண்ணாடிப் பளபளப்பும் சுற்றிலும் கறுப்புத் தூளும் இருந்தால் பெல்ட் வழுக்குகிறது. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், பெல்ட் நீளம் கூடுதலாகி டென்ஷனர் எல்லையில் போய் நிற்கலாம், சூப்பர்சார்ஜர் புல்லியைப் பெல்ட் சுற்றும் வளைவு போதாமல் இருக்கலாம். 6 பிஎஸ்ஐயில் சூப்பர்சார்ஜரைச் சுற்றவே 25 முதல் 30 குதிரைத் திறன் பெல்ட் வழியாகப் போகிறது. வழுக்காமல் இருக்க ஸ்பிரே அடிக்காதீர்கள், சில நாளில் பெல்ட் இன்னும் மோசமாகும்.

இனி க்ராங்க். இந்த எஞ்சின் குடும்பத்தில் க்ராங்க் முனையில் முன்புல்லிக்கு சாவி வெட்டு (புல்லி நழுவாமல் பிடிக்கும் பள்ளம்) கிடையாது. புல்லி இறுக்கமாக அழுத்தி ஏற்றப்பட்டு, ஒரே போல்ட்டின் பிடியில் நிற்கிறது. ஏசி, ஆல்டர்னேட்டருக்கு அது போதும். சூப்பர்சார்ஜர் சேர்ந்ததும், குறிப்பாக வேகமாக கியர் மாறும் நேரத்தில், புல்லி க்ராங்க் மேலேயே நழுவும். போல்ட் தளர்ந்திருப்பது, புல்லி ஆடுவது, ஹப்பை (புல்லியின் நடுப்பகுதியை) சுற்றிச் செந்துரு படிவது ஆகியவை அடையாளம். க்ராங்க் முனையிலும் ஹப்பிலும் ஒரு கோடு கிழித்துவிட்டு ஒரு வாரம் ஓட்டுங்கள். கோடு விலகினால் ஐயமே இல்லை.

தீர்வு, ‘பின்’ எனப்படும் சின்ன உலோகக் குச்சியை அடித்து இறக்குவது. ரேடியேட்டர், விசிறி இரண்டையும் கழற்றினால்தான் துளைப்பானுக்கு இடம் கிடைக்கும். கிட்டில் வரும் வழிகாட்டியை க்ராங்க் முனையில் பொருத்தி, துளையின் பாதி க்ராங்கிலும் பாதி ஹப்பிலும் விழும்படி கால் அங்குல அளவில் துளையுங்கள். ரீமர் (துளையைச் சரியான அளவுக்கு நயப்படுத்தும் கருவி) போட்டுச் சுத்தம் செய்து, பின்னை அடித்து இறக்குங்கள். எதிரெதிராக இரண்டு பின் போடுவது நல்லது. உலோகத் தூள் முன் சீல் பக்கம் போகாமல் கிரீஸ் தடவிய துணியால் அடைத்துக்கொள்ளுங்கள்.

பின் அடிக்கும் முன்பே புல்லி முழுசாக உட்கார்ந்திருக்க வேண்டும். பழைய போல்ட்டைப் போட்டு 240 அடி-பவுண்டுக்கு இறுக்கினால் உட்காரும். அதைக் கழற்றி, க்ராங்க் முனை ஹப்புக்குள் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளங்கள். 2.4 முதல் 4.48 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பின் அடித்து முடித்த பிறகு புது போல்ட்டை 37 அடி-பவுண்டுக்கு இறுக்கி, மேலும் 140 டிகிரி திருப்புங்கள். ஒருமுறை இறுக்கி நீண்டுபோன போல்ட்டை இறுதி இறுக்கத்துக்கு மறுபடி போடக் கூடாது.

காலையில் நன்றாக ஓடுகிறது. மதியம் நெரிசலில் நின்று கிளம்பினால் சக்தி இல்லை, மெல்லிய தட்டல் சத்தம் கேட்கிறது. இங்கே 91 ஆக்டேன்தான் கிடைக்கிறது.
– வாசகர், ஃபீனிக்ஸ்

அந்தச் சத்தம் நாக்கிங், அதாவது சிலிண்டருக்குள் பெட்ரோல் கலவை தானாகவே வெடிப்பது. சரியாகும் வரை ஆக்சிலரேட்டரை அழுத்தி ஓட்டாதீர்கள். 35 டிகிரி செல்சியஸ் காற்றை 6 பிஎஸ்ஐக்கு அமுக்கினால் அது 85, 90 டிகிரிக்குப் போகும். இன்டர்கூலர் (அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் பாகம்) இல்லாத கிட் என்றால் ஃபீனிக்ஸ் வெயிலில் 91 ஆக்டேனோடு ஓட்ட அது லாயக்கில்லை.

தண்ணீர் இன்டர்கூலர் இருந்தால், சாவியைத் திருப்பி அதன் தண்ணீர்த் தொட்டி மூடியைத் திறந்து தண்ணீர் சுழல்கிறதா என்று பாருங்கள். அந்தச் சின்ன மின் பம்ப் நின்றுபோனால் டாஷ்போர்டில் எந்த விளக்கும் எரியாது. காற்றுக் குமிழி அடைத்திருந்தாலும் ஓட்டம் நிற்கும். வண்டியின் முன்பக்கத்தை உயர்த்தி வைத்துக் காற்றை வெளியேற்றுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. இந்த வண்டியில் காற்று வெப்பத்தை அளக்கும் சென்சார், காற்றளவு மீட்டருக்குள்ளேயே இருக்கிறது. அது சூப்பர்சார்ஜருக்கு முன்னால் உள்ள இடம். எஞ்சினுக்குள் 90 டிகிரி காற்று போனாலும் கம்ப்யூட்டர் 40 என்றே நினைத்து இக்னிஷனை (பொறி விடும் நேரத்தை) முன்கூட்டி வைக்கும். இன்டர்கூலருக்குப் பிறகு தனி சென்சார் மாட்டி, அதைக் கம்ப்யூட்டருக்குக் கொடுங்கள். உங்கள் பெட்ரோலுக்கு, முழு பூஸ்டில் இக்னிஷனை 14 டிகிரியில் தொடங்கி, நாக் சென்சார் பதிவைப் பார்த்து ஒவ்வொரு டிகிரியாக ஏற்றச் சொல்லுங்கள். காற்று–பெட்ரோல் விகிதம் 11.5 முதல் 11.8க்குள் நிற்க வேண்டும். இந்த விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் மீட்டர் இல்லாமல் யாரும் இதைச் சரிசெய்ய முடியாது.

கியர்பாக்ஸ் தாங்குமா?
– வாசகர், அட்லாண்டா

4எல்60இ என்ற கியர்பாக்ஸ்தான் இந்த வண்டியின் பலவீனம். முதலில் கருகுவது மூன்றாம், நான்காம் கியருக்கான கிளட்ச் பிளேட்டுகள். டிரெய்லர் இருக்கும்போது நான்காம் கியரில் இழுக்காதீர்கள். பெரிய ஆயில் கூலர் போட்டு வெப்பத்தை 93 டிகிரி செல்சியஸுக்குள் வையுங்கள். ட்யூனில் லைன் அழுத்தத்தை (கியர்பாக்ஸுக்குள் இருக்கும் ஆயில் அழுத்தத்தை) உயர்த்துங்கள். ஆயில் இப்போதே கறுத்துக் கருகிய வாசம் அடித்தால் கியர்பாக்ஸைப் பிரித்துக் கட்டிய பிறகே சூப்பர்சார்ஜர். பாரம் அதிகம் இழுப்பவர்கள் அதைவிட வலுவான 4எல்80இ கியர்பாக்ஸுக்கு மாறுவார்கள். அதற்கு டிரைவ் ஷாஃப்ட் நீளம், வயரிங், கம்ப்யூட்டர் அமைப்பு எல்லாம் மாறும்.

கலிஃபோர்னியாவில் ஸ்மாக் (புகை) சோதனை பாஸ் ஆகுமா?
– வாசகர், ஃப்ரீமாண்ட்

உங்கள் வண்டியின் ஆண்டுக்கும் எஞ்சினுக்கும் மாநிலக் காற்று வள வாரியம் கொடுத்த நிர்வாக ஆணை எண் அந்தக் கிட்டுக்கு இருந்தால் மட்டுமே. அந்த எண் எழுதிய ஸ்டிக்கரை பானெட்டுக்குள் ஒட்ட வேண்டும். ஆணையில் சொன்ன புல்லியை மாற்றினாலோ வேறு இன்ஜெக்டர் போட்டாலோ அந்த அனுமதி உங்களுக்கு உதவாது. பழைய கிட்டை செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் இதை முதலில் கேளுங்கள்.

என்னிடம் டீசல் பிக்கப் இருக்கிறது. சரக்கு ஏற்றினால் மேட்டில் திணறுகிறது. இதற்கும் சூப்பர்சார்ஜர் போடலாமா?
– வாசகர், மதுரை

வேண்டாம். இப்போது வரும் டீசல் பிக்கப்புகளில், வெளியேறும் புகையால் சுழன்று எஞ்சினுக்குக் காற்றை ஊதும் டர்போ ஏற்கெனவே இருக்கிறது. அதோடு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இப்படி மாற்றுவதற்கு இடம் கொடுக்காது. 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். திணறலுக்குக் காரணம் வேறு இடத்தில் இருக்கும். டர்போவில் இருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸைக் கையால் தடவிப் பாருங்கள். ஆயில் பிசுக்கு தட்டுப்படும் இடத்தில் விரிசல் இருக்கும், கிளாம்ப் தளர்ந்திருந்தாலும் அதே நிலைதான். ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் இரண்டையும் மாற்றுங்கள். அப்புறமும் தீராவிட்டால் புகையின் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் ஈஜிஆர் வால்வில் கரி அடைத்திருக்கிறதா என்று கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.