வாசகர் கேள்வி: கயிற்றின் மறுநுனியைப் பார்த்தீர்களா?

கேள்வி: ஆறு மாதங்களாக உள்ளரங்கச் சுவரில் பாறை ஏற்றம் பழகி வருகிறேன். சென்ற மாதம் பாதாமியில், மேலே ஏறி முடித்த தோழியை, கீழே நிற்பவர் கயிற்றைப் பிடித்து நிறுத்த உதவும் கிரிக்ரி கருவி மூலம் இறக்கிக்கொண்டிருந்தேன். அவர் இன்னும் இரண்டு ஆள் உயரத்தில் இருக்கும்போதே, "கயிறு முடியப் போகிறது" என்று பக்கத்தில் நின்றவர் கத்தினார். என் கைக்குக் கீழே ஒரு முழக் கயிறுதான் மிச்சமிருந்தது. அருகிலிருந்த பாறைத் திட்டில் தோழி கால் ஊன்றியதால் தப்பித்தோம். தானாகப் பூட்டிக்கொள்ளும் கருவி இருந்தும் விபத்து நேர்ந்திருக்குமா?
– வாசகி, பெங்களூரு

பதில்: நிச்சயமாக நேர்ந்திருக்கும். கிரிக்ரி தன்னுள் ஓடும் கயிற்றைத்தான் கவ்விப் பிடிக்கும். நுனி கருவியைத் தாண்டி வெளியேறிவிட்டால் கவ்வுவதற்கு அங்கே எதுவும் இருக்காது. 2017இல் அமெரிக்காவின் எல் கேப்பிட்டன் பாறையைக் கயிறே இல்லாமல் ஏறிய அலெக்ஸ் ஹானல்டு, அதற்கு முந்தைய ஆண்டு வாஷிங்டன் மாநிலத்தில் இதே போல் இறக்கப்படும்போது கயிறு தீர்ந்து கீழே விழுந்து, முதுகெலும்பில் முறிவு ஏற்பட்டு அவதிப்பட்டார்.

உள்ளரங்கச் சுவரில் கயிறு எப்போதும் போதுமான நீளம் இருப்பதால், பின்னால் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கும் பழக்கமே நமக்கு வருவதில்லை. வெளியே அப்படியல்ல. கயிறு மேலே போய்த் திரும்பி வரவேண்டும் என்பதால் 60 மீட்டர் கயிறு அதிகபட்சம் 30 மீட்டர் உயரத்துக்குத்தான் வரும். தேய்ந்த நுனியை ஒருமுறை வெட்டியிருந்தால் அதற்கும் போதாது. ஆகவே ஏறுபவர் காலணி மாட்டுவதற்கு முன்பே மறுநுனியில் ஒரு முழம் வால் விட்டு இறுக்கமாக முடிச்சுப் போடுங்கள், அல்லது அந்த நுனியை உங்கள் ஹார்னஸிலேயே (இடுப்பில் அணியும் பாதுகாப்பு வார்) கட்டிக்கொள்ளுங்கள்.

"தானாகப் பூட்டிக்கொள்ளும்" என்று நீங்கள் எழுதியிருப்பது எனக்குக் கவலை தருகிறது. அது பூட்டுவதற்கு உதவும் கருவி, அவ்வளவுதான். ஏறுபவருக்கு அவசரமாகக் கயிறு விடும்போது பலர் கருவியை முழுக்கையால் பொத்திப் பிடிக்கிறார்கள். அந்த நொடியில் அவர் விழுந்தால் உள்ளே இருக்கும் கவ்வி திரும்ப இடமில்லாமல் கயிறு ஓடிக்கொண்டே இருக்கும். பிரேக் கை, அதாவது கருவியிலிருந்து வெளியே வரும் கயிற்றைப் பிடித்திருக்கும் கை, எந்த நிலையிலும் கயிற்றை விடக்கூடாது. தளர்ந்த கயிற்றை இழுத்ததும் அந்தக் கையை இடுப்புக்குக் கீழே இறக்குங்கள். மற்றக் கையால் அதற்கும் கீழே கயிற்றைப் பிடித்த பிறகு, பிரேக் கையை விரல்கள் திறக்காமல் கருவியை நோக்கி மேலே நழுவவிடுங்கள். வீட்டில் நாற்காலிக் காலில் கயிற்றைக் கட்டி, கண்ணை மூடிக்கொண்டு செய்யுமளவுக்கு இதைப் பழகலாம்.

ஏறுபவரின் முடிச்சையும் நீங்கள் கையால் தொட்டுப் பாருங்கள். அப்போது உலகின் முன்னணிப் பாறையேற்ற வீராங்கனையாக இருந்த லின் ஹில், 1989இல் பிரான்சின் பூ (Buoux) என்ற ஊரின் பாறைப் பகுதியில் முடிச்சைப் பாதியில் விட்டுவிட்டுக் காலணி அணியப் போனார். மேற்சட்டை மறைத்ததால் அது யார் கண்ணிலும் படவில்லை. உச்சியில் கயிற்றில் சாய்ந்தபோது சுமார் 22 மீட்டர் விழுந்தார். மரக்கிளைகள் தாங்கியதால் உயிர் பிழைத்தார்.

கேள்வி: கயிற்றைத் தெரியாமல் மிதித்துவிட்டேன். தூக்கி எறிய வேண்டுமா?
– வாசகர், சேலம்

பதில்: தேவையில்லை. மிதிக்கும்போது மணல் துகள்கள் கயிற்றின் மேலுறைக்குள் புகுந்து நாளடைவில் உள்ளிழைகளை அரிக்கும் என்பதால்தான் மிதிக்காதீர்கள் என்கிறோம். முழுக் கயிற்றையும் விரல்களுக்கிடையே மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். ஓரிடம் தொளதொளவென மடிந்தாலோ, தட்டையாக இருந்தாலோ, வெள்ளை உள்ளிழை தெரிந்தாலோ அந்தக் கயிற்றை ஏற்றத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. மிதிப்பதைவிட நான் அஞ்சுவது பேட்டரி அமிலத்தைத்தான். அது நைலானை வெளியே தெரியாமலே செயலிழக்கச் செய்துவிடும். உங்கள் கயிற்றுப் பை வீட்டு இன்வெர்ட்டருக்குப் பக்கத்தில் இருக்குமானால் இன்றே இடம் மாற்றுங்கள். அமிலம் பட்டிருக்கும் என்ற சந்தேகம் இருந்தாலே அந்தக் கயிறு வேண்டாம்.