சம்பளமில்லாத கப்பல் வேலை

கேள்வி: கப்பல் பட்டறை ஒன்றின் இயந்திரப் பிரிவில் 31 ஆண்டுகள் வேலை செய்து ஓய்வுபெற்றவன் நான். கடல்சார் பொறியியலில் பட்டயம் பெற்று, தேசிய சேவையையும் முடித்துவிட்ட என் 23 வயது மகன், கைக்கு வந்த வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, லோகோஸ் ஹோப் என்னும், துறைமுகம் துறைமுகமாகப் போய்ப் புத்தகம் விற்கும் கிறிஸ்தவக் கப்பலில் இரண்டு ஆண்டுகள் ஊழியம் செய்யப் போகிறானாம். சம்பளம் கிடையாது; அவனுடைய செலவுக்கும் சபையாரிடம்தான் கேட்க வேண்டுமாம். மூன்று தலைமுறையாகச் சபைக்குப் போகும் குடும்பம் எங்களுடையது. ஆனாலும் என் மகன் கையேந்தி நிற்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அவர்களுடைய பழைய கப்பல் ஒன்று மூழ்கியதாகக் கேள்விப்பட்டு மனைவி வேறு அழுதுகொண்டிருக்கிறாள். இது உண்மையில் அழைப்பா, வேலைக்குப் போகாமலிருக்க ஒரு சாக்கா? — ஒரு தந்தை, ஈசூன், சிங்கப்பூர்.

பதில்: அன்புள்ள ஐயா, அழைப்பா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் சாக்கா என்று கேட்டீர்களே, அதற்குத் தயங்காமல் பதில் சொல்வேன். வேலைக்கு அஞ்சுகிறவர் ஒளிந்துகொள்ள அந்தக் கப்பலைப் போல் பொருத்தமில்லாத இடம் வேறில்லை.

கப்பல் ஊழியம் என்றதும் மேல்தளத்தில் நின்று பாடுவதும் துறைமுகத்தில் துண்டுப் பிரசுரம் கொடுப்பதும்தான் பலருடைய மனக்கண்ணில் தோன்றுகின்றன. உண்மையில், அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்த ஏறத்தாழ 400 பேர் வசிக்கும் ஒரு சிற்றூர் அது. அத்தனை பேருக்கும் மூன்று வேளை சமைக்க வேண்டும், பாத்திரம் கழுவ வேண்டும், கழிவறை துடைக்க வேண்டும், துரு சுரண்டிச் சாயம் பூச வேண்டும், பெட்டி பெட்டியாகப் புத்தகங்களைச் சுமந்து அடுக்க வேண்டும். வாரத்தில் ஐந்து நாள்கள் இத்தகைய வேலையும், ஒருநாள் கரையிலோ கப்பலிலோ உள்ளூர் மக்களிடையே ஊழியமும், ஒருநாள் ஓய்வும் என்பதே அங்கு பொதுவான ஒழுங்கு. அந்தக் கப்பல் 1973ல் ஜெர்மனியில் கார்களை ஏற்றிச் செல்லும் பயணக் கப்பலாகக் கட்டப்பட்டு, 2009ல்தான் புத்தகக் கப்பலாகப் பணியைத் தொடங்கியது என்பதைச் சொன்னால், அதன் இயந்திர அறையில் நிற்பவருக்கு ஓய்வு எவ்வளவு கிடைக்கும் என்பதை நீங்கள்தான் எனக்கு விளக்க வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பட்டயம் வைத்திருக்கிறார் என்பதற்காக உங்கள் மகனை இயந்திரப் பிரிவில்தான் போடுவார்கள் என்று அவராக நினைத்துக்கொள்ளக் கூடாது. எங்கே ஆள் தேவையோ அங்கே நிற்க வேண்டியிருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு பெண், கணக்கியல் படித்தவர், முதல் எட்டு மாதம் அறைகளையும் நடைவழிகளையும் சுத்தம் செய்தார். அதுகூட அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லையாம். சன்னல் இல்லாத சிறிய அறையில், வேறு வேறு நேரத்தில் உறங்கி எழும் மூன்று அந்நியர்களோடு தினமும் சமாதானமாக இருப்பதும், மனத்துக்கு நெருக்கமானவர்கள் தவணை முடிந்து மாதாமாதம் இறங்கிப் போவதைப் பார்ப்பதும்தான் தம்மை வாட்டியதாகச் சொன்னார். சொந்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வளர்ந்த நம் வீவக அடுக்குமாடி வீட்டுப் பிள்ளைகளுக்கு இது லேசான காரியமன்று.

இனிப் பணத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் உண்மையான வலி இங்கேதான் இருக்கிறது. அந்தக் கப்பலில் சம்பளம் வாங்காதவர் உங்கள் மகன் மட்டுமல்லர். மாலுமித் தலைவரும் தலைமைப் பொறியாளரும்கூடத் தொண்டூழியர்களே. கப்பலில் இருக்கும் காலத்துக்கான செலவை ஒவ்வொருவரும் தம் சபையார், உறவினர், நண்பர்கள் மூலமாகத் திரட்டித் தருகிறார்கள். இதைக் கையேந்துதல் என்கிறீர்கள். கூடாரத் தொழில் செய்து தம் கைகளால் உழைத்த அப்போஸ்தலர் பவுல், பிலிப்பி சபையார் தமக்கு ஒன்றிரண்டு தரம் உதவி அனுப்பியதை நன்றியோடு எழுதுகிறாரே, அதை நாம் கையேந்துதல் என்று வாசிப்பதில்லை. கொடுப்பவர்களுக்குக் கணக்குக் காட்டி, மாதந்தோறும் கடிதம் எழுதி, வாங்கிய பணத்துக்கு உழைப்பவர் கையேந்துகிறவர் அல்லர் என்பதே என் எண்ணம். உங்கள் தன்மானத்தை நான் மதிக்கிறேன். அது தவறான இடத்தில் காயப்பட்டிருக்கிறது என்றுதான் சொல்கிறேன்.

அதற்காக உங்கள் மகன் பக்கமே முழுவதும் சாய்ந்துவிடவும் நான் தயாராக இல்லை. ஜெபித்து முடிவெடுத்தேன் என்று சொன்னவர், கணக்குப் போட்டு முடிவெடுத்தேன் என்றும் சொல்லியிருக்க வேண்டும். சம்பளமில்லாத இரண்டு ஆண்டுகளில் அவருடைய மத்திய சேமநிதிக் கணக்கில் முதலாளியின் பங்கும் இல்லை, அவருடைய பங்கும் இல்லை. மெடிஷீல்ட் லைஃப் என்னும் மருத்துவக் காப்புறுதிச் சந்தாவோ நிற்காது. மருத்துவச் சேமிப்பான மெடிசேவ் கணக்கில் அதற்குப் போதிய தொகை இருக்கிறதா என்று அவர் இப்போதே பார்க்க வேண்டும். கல்விக் கடன் பாக்கி உண்டா? காப்புறுதித் தவணையை யார் கட்டுவது? அவருடைய வருமானத்தை நம்பித்தான் உங்கள் வீட்டுச் செலவு நடக்க வேண்டும் என்ற நிலை இருந்தால், அதைக் கோபமாக அன்றி உண்மையாகவே அவரிடம் சொல்லிவிடுங்கள். பெற்றோரின் நிலை தெரியாமல் புறப்பட்டுப் போனோமே என்று பின்னால் நடுக்கடலில் வருந்தும்படி அவரை விட வேண்டாம்.

உங்கள் மனைவியார் கேள்விப்பட்டது பொய்யில்லை. இதே அமைப்பின் முதல் கப்பலான லோகோஸ், 1988 ஜனவரியில் தென் அமெரிக்காவின் தென்முனையில் பீகிள் கால்வாயில் பாறையில் மோதிச் சிக்கிக்கொண்டது. கப்பல் போனது, ஆனால் அதிலிருந்த அத்தனை பேரும் உயிர் பிழைத்தார்கள். அவர் கேள்விப்படாத ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். 1991ல் பிலிப்பீன்ஸின் ஸம்போவாங்கா நகரில் நடந்த கையெறிகுண்டுத் தாக்குதலில், இந்த அமைப்பின் இன்னொரு கப்பலான டூலோஸின் தொண்டூழியர் இருவர் இறந்தார்கள். 1914ல் கட்டப்பட்ட அந்த டூலோஸ்தான் 2009ஆம் ஆண்டின் இறுதியில் நம் சிங்கப்பூரில் ஓய்வுபெற்று, இப்போது இந்தோனீசியாவின் பிந்தான் தீவில் ஹோட்டலாக நிற்கிறது. ஆபத்தே இல்லை என்று யாராவது உங்கள் மனைவியாருக்கு ஆறுதல் சொன்னால் நம்ப வேண்டாம். கப்பலில் சேருகிறவர்கள் தீயணைப்பு, உயிர்காப்பு, முதலுதவி ஆகியவற்றில் அடிப்படைப் பயிற்சி பெற்ற பிறகே வழக்கமான வேலைக்குப் போகிறார்கள் என்பதையும், அவசரகால ஒத்திகைகள் அடிக்கடி நடக்கும் என்பதையும் உங்கள் வாயால் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் அவர் கேட்பார். மகன் சொன்னால் சமாளிக்கிறான் என்று நினைப்பார்.

நீங்கள் செய்யக்கூடியது இன்னொன்றும் இருக்கிறது, இதை வேறு எந்தத் தந்தையாலும் இவ்வளவு நன்றாகச் செய்ய முடியாது. மகன் அனுப்பப்போகும் விண்ணப்பத்தை அவரோடு உட்கார்ந்து வரி வரியாகப் படியுங்கள். எந்தப் பிரிவில் வேலை, இயந்திர அறையில் இருந்தால் அந்தக் காலம் கடல் பணிக்காலமாகப் பதிவாகுமா, பின்னாளில் பொறியாளர் சான்றிதழுக்கு அதை நம் கடல்துறை, துறைமுக ஆணையம் ஏற்குமா என்பவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்கச் சொல்லுங்கள். இடையில் திரும்பி வர நேர்ந்தால் பயணச் செலவு யாருடையது என்பதையும் கேட்கட்டும். தேசிய சேவையை முடித்திருந்தாலும் உங்கள் மகன் இன்னும் தேவைப்பட்டால் அழைக்கப்படக்கூடிய போர்க்காலப் படைவீரர்தான். இரண்டு ஆண்டுகள் வெளிநாட்டில் இருக்கப் போகிறவர் புறப்படும் முன்பே எக்சிட் பெர்மிட் என்னும் வெளிநாடு செல்லும் அனுமதியைப் பெற வேண்டும். அந்த விண்ணப்பத்தை மட்டும் நீங்கள் நிரப்பிக் கொடுக்காதீர்கள், அவரே செய்யட்டும்.